கண்டிச் சீமைக்குப் போன பாட்டு

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் இளைஞர்களுக்காக நடந்த பாட்டு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பாட்டுக்கு ஊர் உண்டா என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. உண்டு. சில பாட்டுக்கு ரெண்டு ஊர் உண்டு, நடுவுல கடல் கிடக்கும். அப்படிப்பட்ட பாட்டுக்காரர் ஒருத்தரைப் பற்றித்தான் பேசப் போறேன். அவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. நம்ம பழைய வடஆற்காட்டுக்காரர்தான். அரக்கோணம். பேர் அறிவு.

'எஞ்சாய் எஞ்சாமி' தெரியாத பிள்ளை இந்தக் கூட்டத்துல இருக்க முடியாது. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. மாஜா என்கிற நிறுவனம் வெளியிட்டது. இசை சந்தோஷ் நாராயணன், பாடினவங்க தீயும் அறிவும். எழுதினது அறிவு. இது சினிமாவுக்காக எழுதின பாட்டு இல்லை. கதாநாயகன் இல்லாம, கதை இல்லாம, தன் காலிலேயே நடந்து உலகம் சுத்தின பாட்டு. கல்யாண வீட்டுல, கார்ல, காலேஜ் விழாவுல, சேரியைத் தன் தெருவுக்குள்ள விடாதவன் வீட்டு வரவேற்பறையிலயும் அது ஓடிச்சு. அவன் அதுக்கு ஆடவும் செஞ்சான். ஆடினவனுக்கு அது என்ன பாட்டுன்னு தெரியுமா? அது ஒப்பாரியில இருந்து வந்தது. நிலத்தைத் திருத்தினவனுக்கு நிலம் இல்லாமப் போன கதை அது. அந்தப் படத்துல நடுவுல ஒரு கிழவி உட்கார்ந்திருக்காங்களே, அவங்க நடிகை இல்லை. அறிவோட பாட்டி வள்ளியம்மாள். அவங்க குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுத் திரும்பி வந்த குடும்பம். அவங்க பேரனுக்குச் சொன்ன கதைதான் அந்தப் பாட்டுக்கு விதை என்று அறிவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு சிலோன் பாட்டு என்றால் என்ன ஞாபகம் வரும்? 'சுராங்கனி' வரும். சிலோன் மனோகர் ஞாபகம் வரும். இலங்கை வானொலி ஞாபகம் வரும். அதெல்லாம் கொழும்புப் பாட்டு. நம்ம ஜனம் போன சிலோன் அது இல்லை. நம்ம ஜனம் போனது கண்டிச் சீமை. ஊரில் கிழவிகள் சிலோன் என்று சொல்ல மாட்டார்கள், கண்டி என்றுதான் சொல்வார்கள். 'கண்டிக்குப் போனவன்' என்றால் எங்கள் பக்கம் செத்தவனுக்கும் உயிரோடு இருக்கிறவனுக்கும் நடுவில் நிற்கிற ஒருத்தன் என்று அர்த்தம்.

எப்படிப் போனார்கள்? இந்தக் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் கிடையாது. ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

1820களில் வெள்ளைக்காரன் கண்டி மலையில் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்தான். சிங்கள விவசாயி தன் சொந்த நிலத்தை விட்டுக் கூலிக்கு வரத் தயாராக இல்லை. நிலம் இருக்கிறவன் ஏன் வரப் போகிறான்? அப்போது பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் நிலமே இல்லாத ஒரு ஜனம் இருந்தது. ஆண்டையிடம் பட்ட கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த ஜனம். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று சொல்லப்பட்டவர்கள்தான் தோட்டத்துக்குப் போன கூட்டத்தில் பெரும்பான்மை. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, நம்ம ஆற்காட்டுப் பக்கம் எல்லாம் ஆள் பிடித்தார்கள். தேயிலைச் செடிக்கு அடியில் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டி சொன்னான். ஜனம் இதை நம்பிச்சா என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். வயிறு காய்ந்தவன் நம்பித்தான் ஆகணும். 1876இல் தொடங்கி இரண்டு வருஷம் ஆடிய தாது வருசப் பஞ்சத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருக்கும்போதே ஜனம் ரோட்டோரம் செத்து விழுந்தது. அப்போது யாராவது வந்து, 'வா, அந்தப் பக்கம் சோறு இருக்கு' என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய் இறங்கினார்கள். அங்கிருந்து காடு. மாத்தளை வரைக்கும் நடை. யானை, சிறுத்தை, காலரா, மலேரியா. நடக்க முடியாதவனை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்த வழியெங்கும் நம்ம ஜனத்தின் எலும்பு புதைந்திருக்கிறது. 2023இல் மலையக மக்கள் தங்களுடைய 200 ஆண்டை நினைவுகூர்ந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் திரும்ப நடந்தார்கள். மண்டபம் கட்டவில்லை, சிலை வைக்கவில்லை. நடந்தார்கள். எனக்குத் தெரிந்து ஒரு ஜனம் தன் வரலாற்றைக் காலால் எழுதியது அதுதான்.

1869இல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரன் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தான். காப்பி பருவகால வேலை, அறுத்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலை அப்படி இல்லை, வருஷம் பூராவும் கிள்ள வேண்டும். போனவன் திரும்பாமல் போனது தேயிலையால்தான். பத்தடிக்குப் பத்தடி லயத்தில் ஒரு குடும்பம். பக்கத்து லயத்தில் குழந்தை அழுதால் இந்த லயத்தில் தூக்கம் போய்விடும்.

இதில் கங்காணி என்கிறவனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். துரை வெள்ளைக்காரன். ஆனால் துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்றவன் நம்ம ஊர்க்காரன். பெரும்பாலும் இடைநிலைச் சாதிக்காரன். ஊரில் ஆண்டைக்குச் சேவகம் பார்த்தவன் அங்கே போய் ஆண்டையாக ஆனான். ஆள் பிடிக்கும்போது அவன் கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். அந்தக் கடனைத் தீர்த்தால்தான் 'துண்டு' கிடைக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கப்பலில் ஏறும்போது சாதி கரையில் நிற்கும் என்று நம்ம ஜனம் நினைத்திருக்கலாம். அது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. எந்தச் சாதிக்கு எந்த லயம் என்பது வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

சாதியோடு பறையும் போயிற்று. அங்கே அதற்குப் பேர் தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்பத் தப்பு அடித்தார்கள். பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் எடுக்கிற களம். ஊரில் சாவுக்கு அடித்த தோலை அங்கே சங்கு ஊதுகிற மாதிரி வேலைக்கு அடிக்க வைத்தான். அதே தப்பை மாசி மாதம் காமன் கூத்துக்கு ஜனம் தனக்காக அடித்துக்கொண்டது. ஒரே தோல், ஒரே கை. காலையில் துரைக்கு, ராத்திரி தனக்கு. 1990களில் பறையை அடிக்கலாமா, உடைத்தெறியலாமா என்று நம்ம பத்திரிகைகளில் எவ்வளவு சண்டை போட்டிருப்போம்! இழிவின் கருவி என்று ஒரு கட்சி, விடுதலையின் கருவி என்று ஒரு கட்சி. தோட்டத்துப் பெரட்டுத் தப்பை யோசித்துப் பார்த்தால் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது. தோலில் இழிவும் இல்லை, விடுதலையும் இல்லை. யார் சொல்லி, யாருக்காக அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அந்த மலையில் பிறந்த பாட்டுகளைச் சேர்த்து வைத்த ஒருவர் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கவிஞர். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். அவர் வெறும் பாட்டுச் சேகரிப்பாளர் இல்லை. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் ஜெயித்தார்கள். ஏழு பேர்! அதுதான் கொழும்பு அரசைப் பயமுறுத்தியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. பாட்டைச் சேர்த்தவரும், பாட்டைப் பாடினவரும், பாட்டில் வந்த கங்காணியும் ஒரே நாளில் நாடில்லாதவர்கள்.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாக்கியை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே அந்த ஜனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன ஊருக்கு 'தாயகம் திரும்புகிறவர்' என்று பேர் போட்டு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பாதிக் குடும்பம் அந்தப் பக்கம் நின்று அழுதது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. அந்த அழுகைக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு ஒன்றுதான்.

இங்கே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கொஞ்சம் பேருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். அதாவது மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை. மற்றவர்கள் ரயிலடியிலும் ரோட்டோரத்திலும் குடிசை போட்டார்கள். கட்டட வேலை, கல் உடைக்கிற வேலை. ஊர்க்காரன் அவர்களைச் 'சிலோன்காரன்' என்றான். சிலோனில் அவர்கள் 'கள்ளத்தோணி', 'இந்தியாக்காரன்'. இரண்டு நாட்டிலும் அடுத்த நாட்டுக்காரன். ஆனால் சேரி எங்கே என்று கேட்கும்போது மட்டும் எந்த நாட்டிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வள்ளியம்மாள் மாதிரியான கிழவிகள் திரும்பி வரும்போது என்ன கொண்டுவந்தார்கள்? தகரப் பெட்டி, பாஸ்போர்ட், ரெண்டு புடவை. சுங்கக்காரன் அதையெல்லாம் கொட்டிப் பார்த்தான். பாட்டை அவனால் சோதிக்க முடியவில்லை. அதுதான் தப்பி வந்தது.

'எஞ்சாமி' என்கிற அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். என் சாமி. நம்ம சேரியில் 'சாமி' ரெண்டு இடத்தில் வரும். ஆண்டை வீட்டு வாசலில், துண்டை அக்குளில் இடுக்கி, வாயைப் பொத்திச் சொல்கிற 'சாமி' ஒன்று. அந்தச் சாமிக்கு முன்னால் நம் முதுகு வளையும். ராத்திரி குடிசையில், பேரனை மடியில் போட்டுக்கொண்டு, அவன் தலையில் பேன் பார்த்தபடியே ஆயா சொல்கிற 'என் சாமி' இன்னொன்று. பகலெல்லாம் ஆண்டைக்குக் கொடுக்க வேண்டியிருந்த சொல்லை அவள் ராத்திரி பிடுங்கிக்கொண்டு வந்து பேரனுக்குக் கொடுத்தாள். தோட்டத்திலும் இதேதான். பகலில் துரைசாமி, ராத்திரி என் சாமி. தத்துவம் படித்தவன் இதைக் கலகம் என்று பேர் வைத்து நாற்பது பக்கம் எழுதுவான். ஆயாவுக்கு அது பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் பேரன் மைக் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

அறிவு திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேரை வைத்து எரித்தார்களே, அந்தத் தீயிலிருந்து இன்குலாப் 'மனுசங்கடா' எழுதினார். அதை கே.ஏ. குணசேகரன் தன் குரலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டில் சர்ச்சுக்குள்ளேயே கலகம் செய்தார். மேடைகளில் பறை ஏறியது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைச் சென்னையில் மேடையேற்றினார்கள். அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்த பேர் அது. கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடை. அங்கேதான் அறிவு வெளியே தெரிந்தார். 2019இல் 'தெருக்குரல்' வந்தது. ராப் என்பதே அமெரிக்காவில் கருப்பு ஜனத்தின் தெருவில் பிறந்தது. சேரிக்காரன் அதை எடுத்துக்கொண்டது கடன் வாங்கியது இல்லை, பங்காளி வீட்டில் சாப்பிட்டது.

அமெரிக்கா என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரெடரிக் டக்ளஸ் என்று ஒரு பெரிய மனுஷன். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1845 ஆகஸ்டு கடைசியில் அயர்லாந்து போய்ச் சில மாதம் தங்கினார். அங்கே அப்போது உருளைக்கிழங்குக்கு நோய் வந்து பஞ்சம் தொடங்கியிருந்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. தானியக் கப்பல் மட்டும் நிற்காமல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நம்ம தாது வருசம் மாதிரியேதான், எஜமானும் ஒருத்தன்தான். டக்ளஸ் பத்து வருஷம் கழித்து எழுதிய புத்தகத்தில், அடிமைத் தோட்டத்தில் தான் கேட்ட அழுகைப் பாட்டின் சாயலை வேறெங்கும் கேட்டதில்லை, அயர்லாந்தில் மட்டும் கேட்டேன் என்கிற பொருளில் எழுதுகிறார். ஒரு கருப்பு மனுஷன் ஒரு வெள்ளை ஏழையின் ஒப்பாரியில் தன் ஆத்தாளின் குரலைக் கேட்டான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அப்படிக் கப்பலேறிப் போன ஐரிஷ்காரர்கள் 1863இல் நியூயார்க்கில் கலவரம் செய்து கருப்பு ஜனத்தைத் தெருவில் தொங்கவிட்டார்கள். பட்டினி கிடந்தவன் எல்லாம் நம்ம பக்கம் நிற்பான் என்று நினைக்காதீர்கள். கங்காணியும் பஞ்சத்தில் போனவன்தான்.

இன்னொன்று. பாப் டிலன் 1963இல் 'வித் காட் ஆன் அவர் சைட்' என்று போரை எதிர்த்து ஒரு பாட்டுப் பாடினார். அதன் மெட்டு அயர்லாந்துக்காரர் டொமினிக் பீஹன் எழுதிய 'தி பேட்ரியட் கேம்' பாட்டின் மெட்டு. டிலனுக்கு அயர்லாந்தில் சொந்தம் பந்தம் ஒன்றும் கிடையாது. அவர் முன்னோர் ருஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள். நியூயார்க் மதுக்கடைகளில் கிளான்சி சகோதரர்கள் பாடக் கேட்டு வந்த உறவு அது. பீஹனுக்குக் கடுமையான கோபம். திருட்டு என்றார். ஆனால் பீஹனும் அந்த மெட்டை ஒரு பழைய நாட்டுப் பாட்டிலிருந்துதான் எடுத்திருந்தார். இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, நாட்டுப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் எடுக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் சண்டை.

எல்லாரும் எடுக்கிறார்கள், சரி. கடைசியில் யார் பேரில் பதிவாகிறது?

'எஞ்சாய் எஞ்சாமி'க்கு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்த இருவரும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' என்கிற இரண்டு பாட்டையும் எழுதின அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்ட பிறகு, பல பேர் குரல் கொடுத்த பிறகு, பத்திரிகை அறிவை வைத்து இணைய அட்டை ஒன்றைத் தனியாகப் போட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர் எல்லாம் உட்கார்ந்திருந்த மேடை. பாட்டு ஒலித்தது. அறிவு அந்த மேடையில் இல்லை, அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவர் தன் வலியை எழுதினார். இந்தப் பாட்டைத் தான் உருவாக்கி, எழுதி, பாடி, நடித்ததையும், அதற்காகத் தூக்கமில்லாமல் உழைத்ததையும் சொன்னார். அடுத்து சந்தோஷ் நாராயணன் தன் பங்கையும், தீயின் பங்கையும், வருமானம் மூவருக்கும் பொது என்பதையும் விளக்கி எழுதினார். இரண்டையும் படியுங்கள். ஒருத்தரை வில்லன் ஆக்குகிற வேலை எனக்கு வேண்டாம். இசையமைத்தவர் உழைப்பு பொய் இல்லை, பாடின பெண்ணின் குரல் பொய் இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். ஆக இசையமைப்பாளனுக்கே துண்டு கிடைக்கவில்லை! கங்காணி முறை ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது?

நான் கேட்பது வேறு. அட்டையில் பேர் விடுபடும்போது ஏன் எப்போதும் ஒரே ஆளின் பேர் விடுபடுகிறது? நிலத்தில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையால் 1892இல் நம்ம ஜனத்துக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. வேறு சாதிக்கு விற்கக்கூடாது, மாற்றக்கூடாது என்று நிபந்தனை. இன்றைக்கு அந்த நிலமெல்லாம் யார் பேரில் இருக்கிறது? திருப்பிக் கேட்டு 1994இல் காரணையில் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். காட்டைத் திருத்தும்போது நம்ம கை, பட்டா எழுதும்போது வேறு பேர். பாட்டிலும் இதேதான். நம்ம ஆயா பாடினால் அதற்கு 'நாட்டுப்புறப் பாடல்' என்று பேர். ஆசிரியர் பெயர் தெரியாது என்று போட்டுவிடுவார்கள். தெரியாதா, கேட்கவில்லையா? தொகுப்பு நூல்களை எடுத்துப் பாருங்கள். தொகுத்தவர் பேர் அட்டையில் பெரிதாக இருக்கும். பாடினவள் பேர் பின்னிணைப்பில், 'வயது 60, கூலி' என்று இருக்கும். அதுவும் நல்ல புத்தகமாக இருந்தால். ஆக, நாட்டுப்பாட்டு என்பது பொறம்போக்கு. யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். நாலு கருவி சேர்த்து வேலி போட்டவன் பேரில் பட்டா. அதைத் தாண்டி ஒரு பேரன் வந்து, 'இது பொறம்போக்கு இல்லை, எங்க ஆயா பேரு வள்ளியம்மாள், இதோ படத்திலேயே உட்கார்ந்திருக்கு' என்று சொன்னதுதான் அந்தப் பாட்டில் புதுசு. மெட்டு புதுசா பழசா என்பது எனக்கு ரெண்டாம்பட்சம். அதற்குப் பிறகு 2024இல் தன் தொகுப்புக்கே அவர் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். இன்னாரின் பேரன் என்று சொல்லிக்கொள்கிற உரிமை இதுவரைக்கும் அரண்மனைக்காரனுக்கும் வித்துவான் வீட்டுக்கும்தான் இருந்தது.

இதை ஏன் மலைமேல் வந்து சொல்கிறேன்? உங்களுக்கும் ஒரு கண்டிக் கதை இருக்கிறது, அதனால்தான். ஜவ்வாது மலை மலையாளிகள் எப்படி இங்கே வந்தார்கள் என்று ஒரு கதையை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டன் தொகுதியில் இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு பேர் ஏழு நாயோடு கிளம்பினார்கள். 'நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று காரியம் பண்ணிவிடுங்கள்' என்று பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊருக்கு ஓடிவிட்டன. இவர்கள் அக்கரை போய் வேடர்களைக் கொன்றுவிட்டு வீடு திரும்பினால், கருமாதி முடிந்துவிட்டது. பெண்டாட்டிகள் தாலி அறுத்துவிட்டார்கள். செத்தவனுக்கு ஊரில் இடம் ஏது? வேடர் பெண்களையே கட்டிக்கொண்டு மலையேறி விட்டார்கள் என்று கதை.

கோபிக்கக் கூடாது. இந்தக் கதையில் வேளாளர் எதற்கு என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. மலைக்குச் சொந்தக்காரன் தன்னைக் கீழ்நாட்டு மேல்சாதியின் வாரிசு என்று சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? அந்தக் கதையில் வேடர் பெண்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே, உங்களுக்கு ஆத்தாள் அவள்தானே? அவள் பாடின பாட்டு எங்கே? வேளாளர் வாரிசு என்று சொல்லிக் கீழ்நாட்டுச் சேரிக்காரனுக்குத் தனி டம்ளர் வைத்தால், நியூயார்க்கில் ஐரிஷ்காரன் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். இதை நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் கதையின் ஒரு இடம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. ஒப்பாரி வைத்து முடித்த பிறகு உயிரோடு திரும்பி வந்தவர்கள். சிலோனிலிருந்து வந்தவர்களும் அதுதான். ஊர் அவர்களுக்கு எப்போதோ அழுது முடித்திருந்தது. திரும்பி வந்து நின்றால், 'யார் நீ?'

திரும்பி வராதவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், பலர் இந்த மலையும் மலையடிவாரமும். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். கூட்டிப்போன ஏஜெண்டு யார்? முன்பணம் கொடுத்தது யார்? மரத்துக்கு ஏற்றுமதி விலை வாங்கியது யார்? அவர்களில் ஒருத்தரும் அந்தக் காட்டில் சாகவில்லை. தேயிலைத் தூரில் தேங்காய் என்று சொன்ன அதே வாய்தான் இன்றைக்கு 'ஒரு வாரம் வேலை, கை நிறையக் காசு' என்கிறது. இந்த மலையிலிருந்து செங்கல் சூளைக்கும், திருப்பூருக்கும், கேரளத்துத் தோட்டத்துக்கும் போகிற வண்டியில் எல்லாம் ஒரு கங்காணி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அந்த 20 பேருக்கு வைத்த ஒப்பாரி இந்த மலையில் யாரோ ஒரு தாயின் தொண்டையில் இருக்கிறது. அதுவும் நாளைக்கு ஒருத்தன் மைக்கோடு வந்து, 'பழங்குடி நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் தெரியவில்லை' என்று போட்டுவிட்டுப் போகலாம்.

அதனால் இந்த முகாமில் ஒரு வேலை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. யார் பாட்டைப் பதிந்தாலும் முதலில் பாடுகிறவங்க தன் பேரையும், ஊரையும், இந்தப் பாட்டை யாரிடம் கேட்டாங்க என்பதையும் தன் வாயாலேயே சொல்லட்டும். ஆத்தாளிடம் கேட்டதா, நாத்தனாரிடம் கேட்டதா, நடவில் கேட்டதா? ஒரு வரி தான் சேர்த்திருந்தால் அதையும் சொல்லட்டும். வெளியே போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். சாவுப் பாட்டை வீட்டு விளக்கு வைத்த பிறகு பாட மாட்டேன் என்று ஒருத்தர் சொன்னால், அதுவும் பாட்டில் ஒரு வரிதான், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம், மைக்குப் பக்கத்தில் மேசைமேல இருக்கு. முதல் பக்கம் காலி. சாமை அறுப்புப் பாட்டு தெரிஞ்ச அம்மா யாராவது முன்னால வந்து பேரைச் சொல்லுங்க, தம்பி எழுதிக்குவான்.